வாசலில் கட்டிய வேப்பிலை

அத்தியாயம் ஒன்பது

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த பிரேமலா, தன் வீட்டு இரும்பு கேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கேட்டின் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

ஜொகூரில், செனாய்ப் பக்கத்து அந்தத் தாமான் குடியிருப்பில், அவர்கள் வரிசையில் தமிழர் வீடு மூன்றுதான். வேப்பிலை கட்டினால் என்ன அர்த்தம் என்று அந்த மூன்று வீட்டுக்கும் தெரியும். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டி துணி காயப்போட்டுக்கொண்டே, "தம்பிக்கா?" என்று மலாயில் கேட்டு, தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். பிரேமலா தலையை ஆட்டி வைத்தாள். வேறு என்ன செய்வது?

தம்பி ரூபேந்திரன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, பாதி ஆளாக இளைத்து, இருமிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் அவனுக்குக் காசநோய் என்றும், கூடவே எச்ஐவி என்றும் சொன்னது பிரேமலாவுக்கு மட்டும் தெரிந்த கதை. எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்ற பயம்தான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா" என்றான் அவன். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்குச் சொன்னது, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது என்று.

முதலில் காசநோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு கொஞ்சம் தாங்கியதும் மற்ற நோய்க்கான மாத்திரையையும் ஆரம்பித்தார்கள். பையன் தேறி வந்தான். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டான், பழைய பைக்கைத் துடைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தான். அப்புறம் திடீரென்று காய்ச்சல் வந்தது. வீட்டுக்குள்ளேயே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிய ஆரம்பித்தான். குளிர் என்றான். ஜொகூரில் என்ன குளிர் என்று அப்போதே பிரேமலா யோசித்திருக்க வேண்டும். ஷிப்ட் வேலை செய்கிறவளுக்கு யோசிக்க நேரம் ஏது.

சமையலறையில் அம்மா அங்கம்மா சாம்பாரை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கடுகு தாளித்த வாசனை இல்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது.

"காலையில துண்ட எடுத்துப் பார்த்தேன். காதுக்குக் கீழ இவ்ளோ பெருசு வீங்கிக் கெடக்கு," என்றாள் அங்கம்மா. "பொன்னுக்கு வீங்கிதான். சந்தேகமே இல்ல. ஆத்தா வந்துட்டா."

"அவனுக்குத்தான் சின்ன வயசுலயே வந்துச்சேம்மா."

"அது உனக்கு. அவனுக்கு வரல. மூணு பேர வளர்த்தவ நானு, எனக்குத் தெரியாதா?"

அங்கம்மாவின் முகத்தில் கவலை இருந்தது. கூடவே ஒரு தெம்பும் இருந்தது. மகனுக்கு என்ன, ஏன் இப்படி இளைக்கிறான், டாக்டர் ஏன் மாதம் தவறாமல் வரச் சொல்கிறார் என்று ஒன்றும் புரியாமல் இத்தனை நாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தவள் அவள். இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்த வியாதியாக ஒன்று வந்திருக்கிறது. மஞ்சள் அரைக்கலாம், மோர் கரைக்கலாம், வேப்பிலை கட்டலாம். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றினால் ஆத்தா இறங்கிப் போய்விடுவாள்.

பிரேமலாவுக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பொன்னுக்கு வீங்கியாகவே இருந்துவிடக் கூடாதா என்று.

ரூபேந்திரன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இடது காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்துவரை வீங்கி, மேலே மஞ்சள் பூசியிருந்தது. அந்தக் கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலி கிடந்தது. இந்த வியாதி வந்தவர் கழுத்தில் பொன்னைப் போட்டால் வீக்கம் வடிந்துவிடும் என்பது அங்கம்மா பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் கூட்டுச் சீட்டு கட்டி எடுத்த சங்கிலி அது. அதை அவள் கழற்றி பிரேமலா பார்த்ததே இல்லை.

"எத்தனை நாளா மறைச்சு வெச்சிருந்த?"

அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"நேத்து ராத்திரி மாத்திரை போட்டியா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். பிரேமலா அலமாரியைத் திறந்தாள். சிங்கப்பூருக்குப் பைக்கில் போய் வந்த காலத்து ரெயின்கோட் மடித்து வைத்திருந்தது. அதன் மடிப்புக்குள்தான் மாத்திரை புட்டிகள் இருக்கும். கையை விட்டுப் பார்த்தாள். உதறியும் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"எங்கடா?"

"அம்மாகிட்ட குடுத்துட்டேன்."

"என்னது?"

"அம்மை வந்தா இங்லீஷ் மருந்து போடக் கூடாதாம். இருந்தா குடுடான்னு கேட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டேன்."

"இது அம்மை இல்லன்னு உனக்குத் தெரியும்லடா."

"தெரியும்." அவன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். கண்கள் காய்ச்சலில் சிவந்திருந்தன. "ஆனா அந்த மாத்திரையப் போட்டப்புறம்தானே இப்படி ஆச்சு? அதுக்கு முன்னாடி இருமல் மட்டும்தான் இருந்துச்சு. நல்லா வந்தேன். நீயும் பார்த்த. அப்புறம் பாரு, பன்னிக்குட்டி மாதிரி கழுத்து. ஒத்துக்கலக்கா. எனக்கு எதுவும் வேலை செய்யாது. அம்மா சொல்றதயே சரின்னு வெச்சுக்குவோம். பொன்னுக்கு வீங்கின்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்துடுறேன். உனக்கும் சொல்ற தொல்லை இல்ல."

பிரேமலாவுக்கு வந்த கோபத்தில் ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது. வீங்காத பக்கம் எது என்றுகூடப் பார்த்துவிட்டாள். அப்புறம் அவன் காலடியில் உட்கார்ந்து, அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் வைத்த பாத்திரம்போலச் சுட்டது.

அவன் பயந்துபோயிருக்கிறான். நல்லது செய்யும் என்று நம்பி விழுங்கிய மாத்திரையே தன்னைக் கொல்கிறது என்று நினைக்கிறான். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாதவனுக்கு, அம்மாவின் அம்மை ஒரு நல்ல சாக்காகக் கிடைத்துவிட்டது.

பிரேமலா சமையலறைக்குத் திரும்பினாள்.

"அம்மா, தம்பியோட மாத்திரை எங்க வெச்சிருக்கீங்க?"

"இங்க இல்ல. செல்வாகிட்ட குடுத்துட்டேன்."

"அண்ணன்கிட்டயா?"

"அவன்தானே வேப்பிலை கொண்டாந்தான். கைப்புள்ள இருக்கிற வீட்டுக்காரன், உள்ள வராதன்னுட்டேன். கேட்டுக்கு வெளியவே நின்னு குடுத்துட்டுப் போனான். அப்ப குடுத்துவிட்டேன். இங்க வெச்சிருந்தா நீ எடுத்துக் குடுத்துருவ, எனக்குத் தெரியும். தண்ணி ஊத்துற வரைக்கும் அவன்கிட்டயே இருக்கட்டும்."

மூத்தவன் செல்வாவுக்கு ஜொகூர் பாருவில் ஒரு மாலில் பராமரிப்பு வேலை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தையை, யாரும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் தொடவிடாதவன். இங்லீஷ் நன்றாகப் படிப்பான். புட்டியின் மேல் மருந்தின் பெயர் ஒட்டியிருக்கிறது. கையில் ஒரு போனும் இருக்கிறது. பெயரை அதில் தட்டிப் பார்த்தால் போதும்.

அண்ணனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மெசேஜ் எழுதினாள்: 'அண்ணே, அம்மா குடுத்த மருந்த படிச்சுப் பாக்காம பத்திரமா வைங்க.' படித்துப் பார்க்காதே என்று எழுதினால் எந்த மனுஷன் படிக்காமல் இருப்பான்? அழித்துவிட்டு, 'அந்த மருந்து தம்பிக்கு வேணும், கூப்பிடுங்க' என்று அனுப்பினாள்.

அப்புறம் தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி கிளினிக்கில் இருக்கும் எவ்லினுக்கு போன் போட்டாள். எவ்லின் அங்கே மூத்த நர்ஸ். சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள் என்று முதல் நாளே கிளினிக் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

பிரேமலா சொல்லச் சொல்ல எவ்லின் குறுக்கே கேள்வி கேட்டாள். மூச்சு வாங்குகிறதா? தலைவலி உண்டா? வாந்தி, கண் மங்கல்? எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும் அவள் குரல் கொஞ்சம் இளகியது.

"ஸ்பீக்கர்ல போடுங்க. ரூபன், கேக்குதா?"

"ம்."

"உங்க உடம்புல காசக் கிருமி ரொம்ப நாளாவே இருந்துச்சு. அத எதிர்க்கிற தெம்பு உடம்புல இல்ல. எதிர்க்கலன்னா வீங்காது, காய்ச்சலும் பெருசா வராது. இப்ப இந்த மாத்திரைய ஆரம்பிச்சதும் தெம்பு திரும்பி வருது. வந்ததும் வராததுமா, அங்கங்க ஒளிஞ்சிருக்கிற கிருமியோட சண்டைக்குப் போகுது. அந்தச் சண்டைதான் உங்க கழுத்துல தெரியுது."

"அப்ப மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம் இல்லையா?"

"வேலை செய்யுறதாலதான் பெரும்பாலும் இப்படி வரும். வேற எதாச்சுமான்னு டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. ஆனா மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க தம்பி. ரெண்டு மருந்தயுமே. விட்டு விட்டுப் போட்டா அப்புறம் அதுவே கேக்காமப் போயிரும்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னோம். அக்காவும் பக்கத்துல இருந்தாங்க. நீங்க இங்க கிளினிக்ல இருக்கிற மீன் தொட்டியவே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. தப்பு இல்லலா, அன்னிக்கு யாருக்கும் காதுல ஏறாது."

பிரேமலாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவளும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் என்ன பொய் சொல்வது என்ற யோசனையிலேயே இருந்துவிட்டாள்.

"டாக்டர் சாயந்திரம் வரைக்கும்தான் இருப்பாங்க. உடனே கிளம்பி வாங்க," என்று எவ்லின் போனை வைத்தாள்.

ரூபேந்திரன் கழுத்தில் கிடந்த சங்கிலியை விரலால் நெருடிக்கொண்டிருந்தான்.

"நெஜமாவாக்கா? சும்மா சமாதானத்துக்குச் சொல்றாங்களா?"

"போய்த்தான் கேப்போமே. சட்டைய மாத்து."

அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அங்கம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வந்து வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"அவன் எங்கயும் வர மாட்டான்."

"அம்மா, ஆஸ்பத்திரிக்குத்தான். போயிட்டு உடனே வந்துருவோம்."

"மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது. ஆத்தா இருக்கிற ஒடம்பு. தோட்டத்துல மணியம் அவன் மவளுக்கு ஊசி போடுறேன்னு தூக்கிட்டு ஓடுனான். திரும்பிக் கொண்டாந்தது என்னன்னு நான் பார்த்தேன். நீ பார்க்கல." அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "போணும்னா என்னத் தாண்டிட்டுப் போங்க."

பெற்றவளைத் தாண்டிக்கொண்டு எந்தப் பிள்ளை போகும்? பிரேமலா நின்றாள். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்த கால்கள் கெஞ்சின. தூக்கமில்லாத கண்கள் எரிந்தன. எவ்லின் சொன்ன நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அம்மா எழுந்துவிடுவாள். ஆனால் அது தம்பியின் வார்த்தை. அவன் அதைப் பூட்டி அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறான். வாக்கைக் காப்பாற்றி ஆளைப் பறிகொடுத்தால் யாருக்கு என்ன லாபம்?

"அம்மா," என்றாள். "இது அம்மை இல்லம்மா. தம்பிக்கு..."

பின்னால் இருந்து ஒரு சூடான கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"நான் சொல்லிக்கிறேன்க்கா."

ரூபேந்திரன் அவளை விலக்கிக்கொண்டு வந்து, வாசற்படியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த வாசனை அவன் மேல் அடித்தது.

"ஆத்தா வரலம்மா. எனக்கு வேற ஒன்னு இருக்கு."

அங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னன்னு இன்னிக்கே சொல்றேன். போயிட்டு வந்து நானே சொல்றேன். இப்ப சொன்னா நீங்க அழுவீங்க, அதப் பார்த்து நானும் போகாம உக்காந்துருவேன்."

"பெரிய வியாதியா?"

"ம்."

அங்கம்மா கேட்டில் கட்டிய வேப்பிலையைப் பார்த்தாள். இதுவாக இருக்கக் கூடாதா என்று அவளும் கேட்டிருப்பாள்போல. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"சங்கிலியக் கழட்டாத," என்றாள். "ஆத்தா இல்லன்னாலும் கெடக்கட்டும்."

போகிற வழியில் ஸ்கூடாய் பக்கம் எப்போதும்போல நெரிசல். பிரேமலா ஜன்னலை இறக்கிவிட்டு, தூக்கம் வரும்போதெல்லாம் கன்னத்தில் தட்டிக்கொண்டே காரை ஓட்டினாள். ரூபேந்திரன் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அம்மா மாத்திரையை என்ன செய்தாள் என்று அவன் கேட்கவில்லை. அது இப்போது அண்ணன் கையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. இவளும் சொல்லவில்லை.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். சின்ன வயசுதான், கண்ணுக்குக் கீழே கருவளையம். கழுத்து மஞ்சளையும் சங்கிலியையும் பார்த்துவிட்டு எவ்லினிடம் என்னவென்று கேட்டாள். எவ்லின் சொன்னதும் சிரித்தாள். தன் தம்பிக்குக் கன்னம் வீங்கியபோது பாட்டி துணிக்குப் போடும் நீலத்தைப் பூசிவிட்டதாகவும், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேலி செய்ததாகவும் மலாயில் சொன்னாள். ரூபேந்திரனும் பாதி சிரித்தான். பல நாள் கழித்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள் பிரேமலா.

ஸ்கேன் எடுத்தார்கள். வீக்கத்துக்குள் கோத்திருக்கும் சீழை ஊசியால் எடுக்க வேண்டும், சங்கிலியைக் கழற்றுங்கள் என்றாள் எவ்லின். பிரேமலா கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. கழற்றித் தன் கையிலேயே இறுக்கி வைத்துக்கொண்டான். ஊசி இறங்கும்போது அந்த முஷ்டியை பிரேமலா பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போனது.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். எவ்லின் போனில் சொன்னதையேதான் சொன்னாள். உடம்பு விழித்துக்கொண்டதால் வந்த அழற்சி, இந்த மருந்தை ஆரம்பிப்பவர்களில் சிலருக்கு, அதுவும் காசநோய் இருப்பவர்களுக்கு, வருவது உண்டு. வீக்கத்தைத் தணிக்க வேறொரு மாத்திரை தருகிறேன். அது கொஞ்சம் சர்க்கரையைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும், பார்த்துக்கொள்ளலாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன், காச மருந்துக்குக் கிருமி அடங்குகிறதா என்று அதில் தெரியும். அடுத்த வாரம் கட்டாயம் வர வேண்டும். மூச்சு வாங்கினால், தலை வலித்தால் அன்றைக்கே வர வேண்டும்.

"போன தடவை எடுத்த ரத்தம் வந்துவிட்டது," என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்கள். எச்ஐவி கிருமி எவ்வளவு இறங்கியிருக்கிறது. உங்கள் மருந்து செய்த வேலை இது."

ரூபேந்திரன் அந்தத் திரையையே பார்த்தான். அன்றைக்கு மீன் தொட்டியைப் பார்த்த பார்வை இல்லை.

"ஜாஙான் பெர்ஹெந்தி," என்றாள் டாக்டர். நிறுத்தாதே என்று. அதை இரண்டு தடவை சொன்னாள்.

மருந்துக் கவுன்டரில் புதிய புட்டிகள் கொடுத்தார்கள். நேற்று ராத்திரி விட்டதை இப்போதே போடச் சொல்லியிருந்தார்கள். அவன் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய், கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் வாயில் போட்டு, தலையை அண்ணாந்து தண்ணீரை ஊற்றினான். கழுத்து வலியில் முகம் சுளித்தது. விழுங்கிவிட்டான். திரும்பும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா. கொஞ்சம் விட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்லா. அத நெனச்சேன்."

பிரேமலா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்போதுதான் பையில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். செல்வாவின் மிஸ்ட் கால்கள் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே ஒரு மெசேஜ்.

'அது என்ன மருந்துன்னு பார்த்துட்டேன். சாயந்திரம் வரேன்.'

போனைத் திரும்பப் பையில் போட்டாள். இப்போதுதான் அழுது முடித்தவனிடம் இதை எப்படிக் காட்டுவது?

வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. அங்கம்மா ஹாலில் விளக்கேற்றி வைத்துவிட்டு, டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சாம்பார் அப்படியே இருந்தது. அவளும் சாப்பிடவில்லை.

ரூபேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்கவில்லை. தனக்கு எச்ஐவி என்றான். இந்தப் பெயரை டிவியில் கேட்டிருப்பீர்கள் என்றான். காசநோயும் உண்டு, மாத்திரை போட்டால் இரண்டையும் அடக்கி வைக்கலாம், வேலைக்குப் போகலாம், மற்ற மனுஷரைப்போல வாழலாம் என்றான். கழுத்து வீங்கியது மருந்தினால் உடம்பு திமிறிக்கொண்டு எழுந்ததனால் என்றான். கடைசியில், எப்படி வந்தது என்று கேட்காதீங்கம்மா என்றான்.

அங்கம்மா கேட்கவில்லை.

"செத்துருவியா?" என்றாள் அங்கம்மா.

"மாத்திரை போட்டா சாக மாட்டேன்."

"அதத்தான நான் எடுத்துக் குடுத்துட்டேன்." அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "என் கையாலயே."

"நீங்க எடுக்கலம்மா. நான்தான் குடுத்தேன். போடப் பயமா இருந்துச்சு, குடுத்துட்டேன்."

அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தான். சங்கிலி. அம்மாவின் கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்துக் கொஞ்சம் தள்ளினான்.

"டெட்டால் போட்டுக் கழுவிட்டுப் போட்டுக்குங்கம்மா. தொட்டா ஒட்டாது. இருந்தாலும் உங்களுக்கு மனசுக்கு..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அங்கம்மா பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். மஞ்சள் ஒட்டியிருந்த சங்கிலியை அப்படியே எடுத்து, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கொக்கி சட்டென்று மாட்டவில்லை. பிரேமலா எழப் போனாள், அம்மா தலையசைத்து வேண்டாம் என்றாள். தானே மாட்டினாள். பிறகு மகனின் வீங்கிய கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

ரூபேந்திரன் தேம்பித் தேம்பி அழுதான். பிரேமலாவும் அழுதாள். அங்கம்மாதான் அழவில்லை.

"அம்மை இல்லல்ல?" என்றாள் மகளைப் பார்த்து.

"இல்லம்மா."

"அப்ப எழுந்து போய் சாம்பாரத் தாளி. காலையிலேர்ந்து புள்ள உப்புச் சப்பில்லாம கெடக்கு."

பிரேமலா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்போது வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

செல்வா இறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்கு மேல் இன்னொரு பை போட்டு முடிச்சுப் போட்டிருந்தான். அதை இரண்டு விரலால் பிடித்தபடி வந்து, வேப்பிலைக்குப் பக்கத்தில் கேட் கம்பியில் மாட்டினான். மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அம்மா," என்று கூப்பிட்டான். "நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய வாங்க."

ரூபேந்திரன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். கம்பியில் தொங்கிய பையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணன்கிட்ட யாரு சொன்னதுக்கா?"

பிரேமலா வாயைத் திறப்பதற்குள் அங்கம்மா எழுந்துவிட்டாள். சங்கிலியைச் சேலைக்கு வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு, நிதானமாக நடந்து போனாள். கேட்டில் கட்டியிருந்த வேப்பிலையை, முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று அவிழ்த்தாள். மாட்டியிருந்த பையை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டாள். கேட்டை அகலத் திறந்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல வந்திருக்க," என்றாள். "உள்ள வந்து தம்பி பக்கத்துல உக்காரு. பேச வேண்டியத அங்க பேசு."

தாளித்த வாசனை தெருவரைக்கும் போயிருக்கும். செல்வா திறந்த கேட்டைப் பார்த்தான், அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தான், காரைத் திரும்பிப் பார்த்தான்.

கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அவன் மனைவி பிரவீனா, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அங்கம்மா கேட்டை மூடவில்லை.